செஞ்சி ஜுரமும் கண்ணாடித் தகடும்

செஞ்சிக் கோட்டையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், 1677-இல் சிவாஜி அதைக் கைப்பற்றியதையும், 1690 முதல் 1698 வரை முகலாயர் சேனை அதை முற்றுகையிட்டுக் கிடந்ததையும், 1714-இல் தேசிங்கு ராஜன் போர்க்களத்தில் மாண்டதையும் விஸ்தாரமாகவே எழுதியிருக்கிறார்கள். ஆயினும் அங்கே காவல் இருந்த படைகளை வாட்டிய ஜுரத்துக்கு அச்சரித்திரத்தில் இரண்டொரு வரிகளுக்கு மேல் இடம் கிடைக்கவில்லை. 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இரவோடு இரவாகக் கோட்டையைப் பிடித்தான்; 1761-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்த யுத்தங்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம், கர்நாடக தேசத்திலேயே ஆரோக்கியத்துக்கு மிகவும் கேடான இடம் செஞ்சி என்று எண்ணப்பட்டதையும், ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கே வைத்திராத பிரெஞ்சுக்காரர் பத்து வருஷங்களில் 1,200 பேரை இழந்ததாகச் சொல்லப்பட்டதையும் குறித்து வைத்திருக்கிறார்.

அந்த ஜுரம் மலேரியாவாக இருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு, நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. மாண்டவர்களில் ஒருவருடைய இரத்தத்தையேனும் எடுத்துப் பரீக்ஷித்தவர் அன்று எவரும் இல்லை. நுண்பெருக்கிக் கண்ணாடி அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. லீவன்ஹூக் 1674-இலேயே இரத்தத்தின் சிவப்பணுக்களைக் கண்டு எழுதியிருந்தார். காணவேண்டியதைச் சிதையாமல் எடுத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிதாகப் பரப்பி, சாயமேற்றி, கண்ணுக்குப் புலப்படும் நிலையில் நிறுத்தும் வித்தைதான் இன்னும் கைவரவில்லை. வியாதிகளின் சரித்திரத்தில் லென்ஸுக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கு இந்தத் தகட்டுக்கும் உரியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

1880-இல் அல்ஜீரியாவில் லவெரான் மலேரியாக் கிருமியை மனித இரத்தத்தில் கண்டார். 1897-இல் சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். அதன்பின் சென்னைக்கும் ஒரு பெருமை வாய்த்தது. மண்ணீரல் வீங்கி, கொயினாவுக்கும் அடங்காமல், மாதக்கணக்கில் நீடித்த ஜுரத்தையெல்லாம் நாட்பட்ட மலேரியா என்றே வைத்தியர்கள் எழுதி வந்த காலத்தில், சென்னைப் பொது மருத்துவமனையில் வைத்தியராக இருந்த சார்லஸ் டானவன், 1903 ஜூன் 17-ஆம் தேதி ஒரு சிறுவனுடைய மண்ணீரலில் ஊசி செலுத்தி, வந்த துளியைத் தகட்டில் பரப்பிச் சாயமிட்டுப் பார்த்து, மலேரியாவுக்குச் சிறிதும் சம்பந்தமில்லாத நுண்ணிய உருவங்களைக் கண்டார். அதே உருவங்களை இறந்த சிப்பாய் ஒருவரின் மண்ணீரலில் கண்டு சில வாரங்களுக்கு முன்பே எழுதியிருந்த லீஷ்மனுடைய பெயரும் டானவனுடைய பெயரும் சேர்ந்து, காலா அசார் நோயின் கிருமிக்கு வழங்கலாயின. அந்த லீஷ்மன் 1901-இல் செய்த சாயமே இன்றும் நம் சிற்றூர்ப் பரிசோதனைக் கூடங்களின் அலமாரிகளில் இருக்கிறது.

செஞ்சிக்கு அருகே மேல்மலையனூரில் அமாவாசை இரவுதோறும் அங்காளம்மன் சந்நிதியில் கூடும் ஜனங்களில் பலர், தீராத நோய் தீரவேண்டும் என்று வேண்டி வருகிறவர்கள். இன்ன நோய் என்று தெரிந்தாலே பாதித் துயரம் குறையும். அந்தத் தெளிவைக் கிராமத்து வாசலுக்கே கொண்டுவந்தது 1958-இல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டம். அதன் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, ஜுரமென்று சொன்னவரின் விரல் நுனியைக் குத்தி, ஒரே தகட்டில் ஒரு தடித்த துளியையும் ஒரு மெல்லிய பூச்சையும் எடுத்துச் சென்றார்கள்.

இரத்தத்தின் அணுக்களைத் தகட்டில் பிடிப்பது எளிது. ஒரு கன மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும், முதுகுத் தண்டிலிருந்து எடுக்கும் நீரிலோ, நோயற்றவரிடத்தில், அதே அளவில் ஐந்து அணுக்கள்கூட இரா. அவற்றைத் திரட்டுவதற்கே சுழல் இயந்திரம் வேண்டியிருந்தது. தினைப்புனத்தில் சுழற்றும் கவணில் கல் வெளிப்புறம் பாயத் துடிப்பதுபோல, சுழலும் குழாயில் கனமான பொருள் அடிக்குப் போகிறது. 1878-இல் ஸ்வீடன் தேசத்து லவால் பாலிலிருந்து பாலேட்டைப் பிரிப்பதற்கு இத்தத்துவத்தைக் கையாண்டார். பரிசோதனைக் கூடங்களிலும் கையால் சுற்றும் சிறு இயந்திரங்கள் இடம்பெற்றன. எனினும் குழாயின் அடியில் படிந்த வண்டலை எடுத்துத் தகட்டில் இழுக்கும்போது அணுக்கள் நசுங்கின. எஞ்சியவை மூலைக்கொன்றாகச் சிதறின.

இந்தக் குறையைத் தீர்த்தது, 1966-இல் வாட்சன் என்பவர் விவரித்த தகட்டுச் சுழற்றி. சைட்டோஸ்பின் என்று இப்போது வழங்கும் இயந்திரங்கள் இந்த முறையில் இயங்குகின்றன. தகட்டின்மேல் வட்டத் துளையிட்ட வடிதாள் ஒன்றை வைத்து, அத்துளைக்கு நேராகச் சிறு புனலின் வாயைப் பொருத்தி, கவ்வியால் இறுக்குகிறார்கள். புனலில் கால் மில்லிலிட்டர் அளவு நீரை விட்டு, நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்குக் கிட்டிய வேகத்தில் ஐந்து நிமிஷம் சுழற்றினால், நீரை வடிதாள் உறிஞ்சிக்கொள்ள, அணுக்கள் மட்டும் ஒரு மிளகளவு வட்டத்துக்குள் தட்டையாகப் படிகின்றன. துளையும் புனல் வாயும் மயிரிழை விலகினாலும் அணுக்கள் தாளோடு போய்விடும். வேகம் மிஞ்சினால் உருவம் சிதையும். நீர் அடர்த்தியாக இருந்து அதை நீர்க்கச் செய்யாமல் விட்டால் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். முதுகுத் தண்டு நீரின் அணுக்கள் விரைவில் அழிபவை. ஆகையால் எடுத்த நீரைத் தாமதமின்றிப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பித்தாக வேண்டும்.

இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தையின் மூளையைச் சூழ்ந்த நீருக்கும் அது பரவிவிட்டதா என்ற கேள்விக்கு, அந்தச் சிறு வட்டத்திலுள்ள சில அணுக்களே விடை சொல்கின்றன. சிகிச்சையின் போக்கு அதைக் கொண்டு மாறுகிறது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றியபின், இத்தகைய கேள்விகளைக் கேட்கவும் விடை தேடவும் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு ஓரிடம் கிடைத்தது. செஞ்சிப் பக்கத்து ஜனங்களுக்கோ புதுச்சேரி இன்னும் அருகில் இருக்கிறது. அங்கே 1823-இல் பிரெஞ்சுக்காரர் ஏற்படுத்திய வைத்தியப் பள்ளியின் வழிவந்ததே இன்றைய ஜிப்மர்.

இவ்வளவு தூரம் வளர்ந்த இக்கலை, முடிவில் ஒரு பரிசோதகரின் கை நிதானத்தையே நம்பியிருக்கிறது. தகட்டில் ஏறாத அணுவை எத்தனை பெரிய நிபுணராலும் பார்க்க முடியாது. நசுங்கிய அணுவைப் பார்த்து எழுதும் முடிவு நோயாளியைத் தவறான வழியில் செலுத்திவிடும். ஆகவே பெரிய நகரங்களில் நிபுணர்களைப் பெருக்குவதோடு நில்லாமல், சிற்றூர் ஆஸ்பத்திரியில் தகடு தயாரிப்பவருக்கு நல்ல பயிற்சியும், போதிய ஊதியமும், வைத்தியருக்கு அடுத்த மரியாதையும் கிடைக்கச் செய்வதே, பெயரறியா ஜுரங்களால் இத்தனை உயிர்களை இழந்த ஒரு பிரதேசத்துக்கு நாம் செய்யவேண்டிய கடமை.