சக்கரம் சொல்லாத கணக்கு: ஆர்.பி.எம். மீட்டர் பிறந்த கதை

வேலூர் பக்கத்து அமிர்தி வன உயிரியல் பூங்காவைத் தாண்டி, ஜமுனாமரத்தூர் பக்கம் ஏறும் மலைச்சாலை. என் பழைய 100 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியின் வேகமுள் 20-ல் நின்றது. மூன்றாவது கியரில் எஞ்சின் நாள்பட்ட நோயாளி போல் இருமியது. இரண்டாவதுக்கு இறக்கினேன். இருமல் நின்றது, முள் அதே 20-ல். அடுத்த கொண்டை ஊசி வளைவில் முதல் கியர். எஞ்சின் வீறிட்டது. அப்போதும் முள் 20. உள்ளே எஞ்சின் சுழலும் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. மீட்டரோ ஒன்றுமே நடக்காதது போல் உட்கார்ந்திருந்தது.

அதன் மேல் குற்றம் இல்லை. அதற்கு வரும் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருகிறது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் அதற்குத் தெரியும். அதைச் சுற்றவைக்க எஞ்சின் என்ன பாடுபட்டது என்பதைச் சொல்ல வேறொரு மீட்டர் வேண்டும். புத்தகத்தில் அதற்குப் பெயர் டாக்கோமீட்டர். ‘டாக்கோஸ்’ என்றால் கிரேக்க மொழியில் வேகம். ஒர்க் ஷாப்பில் கேட்டால் ஆர்.பி.எம். மீட்டர்.

அது பிறந்தது மோட்டார் சைக்கிளுக்காக அல்ல. அப்போது மோட்டார் சைக்கிளே கிடையாது. நீராவியால் இயங்கும் ஆலைகள் பெருகிக்கொண்டிருந்த இங்கிலாந்தில், காகித இயந்திரங்கள் செய்துவந்த பிரையன் டான்கின் என்ற பொறியாளருக்கு ஓர் இயந்திரம் சீராக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று கடிகாரத்தை வைத்து எண்ணலாம். ஆனால் எண்ணி முடிப்பதற்குள் வேகம் மாறியிருக்கும். பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும்.

டம்ளரில் இருக்கும் டீயைக் கரண்டியால் வேகமாகக் கலக்கிப் பாருங்கள். நடுவில் பள்ளம் விழும், ஓரத்தில் டீ ஏறும். வேகம் கூடக்கூடப் பள்ளமும் ஆழமாகும். டான்கின் செய்ததும் இதுதான். கிண்ணத்தில் பாதரசத்தை ஊற்றி இயந்திரத்தோடு சேர்த்துச் சுழற்றினார். நடுவில், நிறமேற்றிய சாராயம் அடைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றின் அடிமுனை பாதரசத்தில் மூழ்கியிருந்தது. பாதரசம் நடுவில் இறங்க இறங்க, குழாயில் சாராயமும் இறங்கியது. பக்கத்தில் கோடு போட்டால் அதுவே வேகம். இதற்காக 1810-ல் லண்டன் கலைக் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

பாதரசக் கிண்ணத்தை ஓடும் வண்டியில் வைக்க முடியுமா? தளும்பிவிடும். 1817-ல் ஜெர்மானியப் பொறியாளர் டீட்ரிக் உல்ஹோர்ன் பாதரசத்தை விட்டுவிட்டார். ராட்டினத்தில் தொட்டிகள் வெளியே விரிகிற அதே விசையை வைத்து, சுழலும் எடைகள் வெளியே விரியும்போது முள் நகரும்படி ஒரு கருவி செய்தார். 1840-களில் அது ரயில் எஞ்சின்களில் ஏறியது. வேகத்தைக் காட்டும் முள் வண்டிக்குள் வந்தது அப்படித்தான்.

நம் வண்டிகளுக்கு நெருங்கிய சொந்தம் 1902-ல் பிறந்தது. அந்த ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தின் ஓட்டோ ஷூல்ட்சே வேகமானிக்குக் காப்புரிமை பெற்றார். கேபிளின் நுனியில் ஒரு காந்தம் சுழலும். அதைத் தொடாமல் மூடியபடி ஓர் அலுமினியக் கிண்ணம். அலுமினியத்தைக் காந்தம் ஈர்க்காது. ஆனால் பக்கத்தில் காந்தம் சுழன்றால் அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டம் எழும். அந்த மின்னோட்டம் கிண்ணத்தைக் காந்தத்தின் பின்னாலேயே இழுக்கும். ஒரு மெல்லிய சுருள்வில் அதை முழுதாகச் சுற்றவிடாமல் பிடித்திருக்கும். இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். கேபிளைச் சக்கரத்தில் மாட்டினால் ஸ்பீடாமீட்டர், எஞ்சினில் மாட்டினால் ஆர்.பி.எம். மீட்டர். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இருந்தும் நம் ஊர்ச் சின்ன வண்டிகளில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம் கிடைத்தது. 1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டோடு 100 சிசி வண்டிகள் வரிசையாக வந்தன: ஓசூரில் தயாரான இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டாவின் சிடி 100, எஸ்கார்ட்ஸ் தயாரித்த யமஹா ஆர்எக்ஸ் 100. 1983-ல் வந்த ராஜ்தூத் 350 போன்ற பெரிய வண்டியில் இரண்டு மீட்டரும் ஜோடியாக உட்கார்ந்திருந்தன. சின்ன வண்டி வாங்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி, “லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?” வேகமானி சட்டப்படி கட்டாயம். மற்றது கட்டாயமில்லை. கட்டாயமில்லாத பொருளுக்குக் கேபிளும் பல்சக்கரமும் செலவழிக்க யாருக்கும் மனமில்லை. செய்ய ஆளில்லாமலும் போகவில்லை. வண்டி மீட்டர்களுக்குப் பெயர்போன பிரிக்கால், 1975 முதலே கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் இயங்கிவந்தது.

பதிலுக்கு ஒரு சிக்கன ஏற்பாடு செய்தார்கள். பல வண்டிகளின் வேகமானி முகப்பிலேயே 1, 2, 3, 4 என்று சிறு எண்கள் போட்டிருப்பார்கள். எந்த கியரில் எந்த வேகம் வரை போகலாம் என்ற குறி. ஏழை வீட்டு ஆர்.பி.எம். மீட்டர் என்று சொல்லலாம். ஆனால் வேலூர் சமவெளிக்குத்தான் அந்தக் குறி சரிவரும். அமிர்தியைத் தாண்டினால், முதுகில் ஒரு மூட்டை சாமையும் பின்னால் ஓர் ஆளும் ஏறிவிட்டால், அது வெறும் அலங்காரம்.

கேபிளுக்கு வழி இல்லாத பழைய எஞ்சினில் இப்போது மீட்டர் மாட்ட முடிவதற்குக் காரணம், சுற்றை எண்ணும் வேலையைத் தீப்பொறியிடம் ஒப்படைத்ததுதான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஒரு பொறி. மீட்டருக்குள் இருக்கும் சிறு மின்தேக்கி ஒவ்வொரு பொறிக்கும் ஒரு குவளை மின்சாரத்தை மொண்டு ஊற்றும். குவளைகள் வேகமாக விழுந்தால் ஓட்டம் கூடும், முள் ஏறும். கேபிள் வேண்டாம், பல்சக்கரம் வேண்டாம்.

வேலூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் அப்படிப்பட்ட மீட்டர் ஒன்றை நீட்டினேன்.

“இன்னாண்ணா, ரேஸுக்கா போற?”

“மலைக்குப் போறேம்பா.”

முதலில் பேட்டரி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்தார். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரில் ஒரு ஃபியூஸ் வைத்து இழுத்தார். கறுப்பு வயரை சேஸியில், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முடுக்கினார். சிக்னல் வயரை ப்ளக் வயரின் மேல் நான்கு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டினார். உள்ளே எதையும் வெட்டவில்லை. பொறி பாயும்போது சுற்றிய வயரில் எழும் சிறு துடிப்பே போதும். மிஞ்சிய வயரை மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டாமல் தனியாக விட்டார். சேர்த்துக் கட்டினால் முள் பேய் பிடித்தது போல் ஆடுமாம்.

ஸ்டார்ட் செய்தோம். ஐடிலிங்கில் முள் 2,600-ஐக் காட்டியது. அவர் சிரித்தார்.

“இந்தச் சத்தத்துக்கு ரெண்டாயிரத்து அறுநூறு வராதுண்ணா.”

மீட்டரின் முதுகில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி போதும் என்ற கணக்கில் அது வைக்கப்பட்டிருந்தது. ஆகவே எங்கள் எஞ்சினின் ஒவ்வொரு சுற்றையும் இரண்டாக எண்ணிக்கொண்டிருந்தது. ஃபோர் ஸ்ட்ரோக் சின்ன வண்டிகளிலும் பல, மேக்னட் ஒருமுறை சுற்றினாலே பொறி விடும். அவற்றிலும் இதே தவறு நடக்கும். ஸ்விட்ச்சைத் தள்ளினார். முள் 1,300-க்கு இறங்கியது.

மறுபடி மலை. அதே 20 கிலோமீட்டர் வேகத்துக்கு, கியருக்குக் கியர் முள் வேறு வேறு எண்ணைச் சொன்னது. ஆர்எக்ஸ் 100-ன் கணக்கு நினைவுக்கு வந்தது. 50 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் வீச்சு, 98 சிசி. முழு சக்தியான 11 குதிரைத்திறன் வருவது நிமிடத்துக்கு 7,500 சுற்றில். அதாவது நொடிக்கு 125 சுற்று, 125 பொறி. பிஸ்டன் ஒரு நொடியில் மேலும் கீழுமாகப் பன்னிரண்டரை மீட்டர் ஓடித் தீர்க்கிறது. வண்டி சாலையில் ஓடுவது தனி. வண்டிக்குள் பிஸ்டன் ஓடுவது தனி.

மீட்டரின் உண்மையான உபகாரம் ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில் தெரிந்தது. ஏறும்போது திணறினால் காது சொல்லிவிடும். இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடிவிட்டு, எஞ்சினையே பிரேக்காக வைத்து முதல் கியரில் வருகிறோம். சத்தம் பெரிதாக இல்லை. வண்டி அடக்கமாக வருவது போல் இருக்கும். முள்ளைப் பார்த்தால் ஏறியபோது இருந்ததைவிட உயரத்தில் நிற்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயில் கலந்து போனால்தான் பிஸ்டனுக்கு வழுவழுப்பு. ஆக்சிலேட்டர் மூடியிருந்தால் பெட்ரோலும் குறைவு, ஆயிலும் குறைவு. சுற்று உச்சம், எண்ணெய் சொட்டு. பழைய வண்டிகள் அடிவாரத்துக்கு வரும்போது சீஸ் ஆகி நிற்பது இதனால்தான். கிளட்ச்சைப் பிடித்து நடுநடுவே ஒருமுறை முறுக்கிவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததன் காரணம் அன்றைக்குத்தான் எண்ணாகக் கண்ணில் பட்டது.

கீழே வந்ததும் மெக்கானிக்கிடம் போனேன். ஏற்றத்தில் வண்டி இருமாமலும் வீறிடாமலும் எந்த எண்ணில் ஏறியது என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டிலோடு வந்தார். மீட்டர் கண்ணாடியில், அந்த எண்ணுக்கு நேரே ஒரு புள்ளி வைத்தார்.

“அமிர்தி மேட்டுக்கு இது போதும்ணா. மத்த நம்பரெல்லாம் ஜப்பான்காரனுக்கு.”

டான்கின் தன் கண்ணாடிக் குழாயின் பக்கத்தில் போட்டதும் ஒரு கோடுதான்.