நடுச்சுவரும் மரத்துப்போன கரமும்

காவிரிக் கரையிலுள்ள பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகச் சேலம்வரை விரியும் சமவெளியும், அதன் கிழக்கே உயர்ந்து நிற்கும் கொல்லிமலையும் தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதிகளாகும். ஆயினும், மனிதரைப் பிரித்துப் பார்க்கப் பழகிய மனத்தோடு நற்செய்தி நடத்திவரும் நெடிய போராட்டத்தை விளங்கிக்கொள்வதற்கு இந்நிலப்பகுதி நமக்குப் பெரிதும் துணைபுரிகின்றது. மனந்திரும்புதல் என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் தனிமனிதனின் பாவங்களோடு மட்டுமே இணைத்துப் பேசுகிறோம். பிறப்பும் வளர்ப்பும் வழக்கமும் சேர்ந்து வார்த்தெடுத்த மனமே திரும்ப வேண்டும் என்னும் பொருளும் அச்சொல்லில் அடங்கியுள்ளது.

1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, 1623இல் திருச்சிராப்பள்ளி வழியாகச் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் பயணமானார். சேலத்துத் தலைவரின் குடும்பத்தைச் சேர்ந்த திருமங்கல நாயக்கர் அவரால் திருமுழுக்குப் பெற்றார். கிறிஸ்துவை ஏற்பதென்றால் பரங்கியாக மாறுவது என்று மக்கள் எண்ணிய காலம் அது. அவ்வெண்ணத்தைத் தகர்த்து, தமிழனாக இருந்துகொண்டே ஒருவன் கிறிஸ்தவனாகலாம் என்று நிலைநாட்டியது நொபிலியின் அரும்பணியாகும். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைச் சமய அடையாளங்களாக அன்றிச் சமூக வழக்கங்களாகக் கருதலாம் என்னும் அவரது நிலைப்பாட்டிற்கு, அதே 1623ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி இசைவளித்தார்.

ஆனால் இவ்வெற்றிக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. உயர்ந்தோர் எனப்பட்டவரோடு பழகிய சந்நியாசி, தாழ்ந்தோர் எனப்பட்டவரோடு வெளிப்படையாகப் பழக இயலவில்லை. எனவே 1640இல் பல்தசார் தா கொஸ்தா பண்டாரசாமியாகக் கோலம் பூண்டு பணியைத் தொடங்கினார். ஒரே ஆண்டவரை அறிவிக்க இருவகைக் குருக்கள் தேவைப்பட்டனர். பரங்கி, தமிழன் என்னும் சுவர் ஒன்று தாண்டப்பட்டது; தமிழனுக்கும் தமிழனுக்கும் இடையே நின்ற சுவர் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இதைக் காட்டி உரோமைத் திருச்சபையைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. 1706இல் தொடங்கிய தரங்கம்பாடி அருட்பணியிலும் வழிபாட்டில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் இடம்பெற்றது. 1833இல் பேராயர் தானியேல் வில்சன் திருச்சபையில் சாதி வேறுபாடு அறவே கூடாதென்று ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் திருச்சபையை விட்டு விலகினர். இனிய பாடல்களால் தமிழ்த் திருச்சபையை வளப்படுத்திய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே இவ்விருக்கை வேற்றுமையை ஆதரித்து எழுதியவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அவருடைய பக்தியை நாம் ஐயுறவில்லை. ஆழ்ந்த பக்தியும் பிரித்துப் பார்க்கும் மனமும் ஒரே நெஞ்சில் அருகருகே குடியிருக்கக்கூடும் என்பதே இங்கு நாம் அஞ்சத்தக்க உண்மை.

நெல்லைச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில், ஆலயத்தினுள் இரு சாதியாரையும் பிரிப்பதற்கென்று எழுப்பப்பட்ட சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. சுவரை மீட்டுத்தர வேண்டி வழக்கும் தொடரப்பட்டது. கல்லாலான சுவர் விழுந்த பின்னும், அது முதலில் எழும்பிய இடமாகிய மனத்தில் அப்படியே நின்றது என்பதற்கு இவ்வழக்கே சான்றாகும்.

இனி மற்றொரு வகைப் பிரிவினையை நோக்குவோம். சேலத்தில் 1827இல் இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஹென்றி கிரிஸ்ப் பணியைத் தொடங்கினார். நாமக்கல் வட்டாரத்திலும் கொல்லிமலையிலும் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனார் உழைத்தனர். பிற இடங்களில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டர், லுத்தரன் என்று பல பெயர்கள் வழங்கின. 1919ஆம் ஆண்டு மே திங்களில் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள், இப்பிரிவுகள் தாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து வந்தவை என்று துணிந்து அறிக்கையிட்டனர். அவர்களுள் பேராயர் அசரியாவும் ஒருவர். 28 ஆண்டுகள் நீடித்த பேச்சுவார்த்தைகளுக்குப் பின், 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. இலண்டன் மிஷன் வழிவந்த சேலத்துச் சபைகளும் அதில் இணைந்தன.

இவ்வொருமைப்பாட்டிற்காக நாம் இறைவனுக்கு நன்றி செலுத்துகிறோம். எனினும் ஒரு கேள்வி எழாமலில்லை. ஐரோப்பாவில் பிறந்த பிரிவுகளைக் களைய முடிந்த நமக்கு, நம் ஊரில் பிறந்த பிரிவைக் களைய ஏன் இயலவில்லை? அதை வெளியிலிருந்து வந்தது என்று சொல்லித் தப்ப வழியில்லை. தனிக் கல்லறைத் தோட்டங்களிலும், மணமகள் தேடும் விளம்பரங்களிலும், சபைத் தேர்தல்களிலும் அது இன்றும் உயிரோடிருக்கிறது.

இக்கேள்விக்கு விடைகாணக் கொல்லிமலை நமக்கு ஒரு குறிப்பைத் தருகிறது. அம்மலையில் பணியாற்றிய ஜெசி பிராண்டு 1929இல் காய்ச்சலால் மறைந்தார். அவர் துணைவியார் ஈவ்லின் 1974இல் தாம் இறக்கும்வரை மலைவாழ் மக்களிடையே தொண்டாற்றினார். 1914இல் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்டு, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்யும் அறுவை மருத்துவத்தில் முன்னோடியானார். தொழுநோய் விரல்களைத் தானே தின்றுவிடுகிறது என்றே அந்நாளில் பலரும் எண்ணினர். நரம்புகள் உணர்விழப்பதால் நோயாளி வலியை அறிவதில்லை. சுடுவதையும் வெட்டுவதையும் உணராமையால் காயம் பெருகி விரல்கள் சிதைகின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் பவுல் அடிகளார் திருச்சபையை ஓர் உடலாகக் காண்கிறார். அவ்வுடலில் ஓர் உறுப்பின் வலியை மற்ற உறுப்புகள் உணராதிருந்தால், அதை அமைதி என்று சொல்லலாகாது, அது நோய். பிரித்துப் பார்க்கும் மனம் வெறுப்பினால் மட்டும் வாழ்வதில்லை. மரத்துப்போவதினால்தான் நெடுநாள் வாழ்கிறது. நொபிலி காலத்துக் குருக்களும், தஞ்சைப் புலவரும், நாமும் கொடியவர்கள் அல்லர். பழக்கம் நம்மை வலி அறியாதவர்களாக ஆக்கிவிட்டது. எனவே ஆவிக்குரிய முழுமை என்பது வேறுபாடுகள் எல்லாவற்றையும் மறந்த ஓர் இன்ப நிலையன்று. பிறர் புண் நமக்கு வலிக்கத் தொடங்குவதே அதன் முதல் அறிகுறி.

ஆணைகள் இருக்கையை மாற்றின, தீர்மானங்கள் சபைகளை இணைத்தன, இரண்டும் தேவையே. ஆனால் மனம் திரும்புவது, ஒதுக்கப்பட்டவர் தம் வலியைச் சொல்லும்போது மறுமொழி தேடாமல் கேட்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. நம் சபைகளில் யாருடைய வீட்டில் நாம் உண்கிறோம், யாருடைய பிரேதத்தை நம் தோளில் சுமக்கிறோம், யாரை எங்கே அடக்கம் செய்கிறோம் என்று ஒவ்வொரு குருசேகரமும் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும். அக்கேள்வி நமக்கு வலிக்குமாயின் நாம் நம்பிக்கை கொள்ளலாம். கரத்தில் உணர்வு இன்னும் அற்றுப்போகவில்லை.