செப்பேடும் சபதமும்

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற பரதேசி யூதர் தொழுகைக் கூடத்தில், பழைய செப்பேடுகள் வழிவழியாகப் போற்றிக் காக்கப்பட்டு வந்துள்ளன. ஏறத்தாழ கி.பி. 1000-ஆம் ஆண்டில் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு வழங்கிய உரிமைகளை அவை உரைக்கின்றன. எழுத்து வட்டெழுத்து, மொழியோ தமிழறிந்தார்க்கு அந்நியமானதன்று. சுங்கமும் துலாக்கூலியும் அவருக்கு நீக்கப்பட்டன. ஊரார் அரண்மனைக்குச் செலுத்தும் இறையை அவர் செலுத்த வேண்டுவதில்லை; ஊரார் பெறும் நன்மைகளை மட்டும் பெறலாம். இதற்கும் முன்னரே, 849-ஆம் ஆண்டில், கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அய்யனடிகள் திருவடிகள் இத்தகைய வரி நீக்கங்களை வழங்கியிருந்தார்.

வரியை நீக்கிய மன்னர் வாயையும் கட்டினாரா? செப்பேடுகளில் அத்தகைய நிபந்தனை ஒன்றும் இல்லை. சமயச் சபை அரசியல் பேசலாமா என்ற கேள்வி வேறு வழியாக மட்டாஞ்சேரிக்கு வந்தது.

போர்த்துக்கீசியர் காலத்தில் கீழைநாட்டு ஆயர்களை முன்மொழியும் உரிமை போர்த்துக்கல் மன்னரிடம் இருந்தது. 1599-இல் உதயம்பேரூரில் கூடிய சங்கம், மலையாளக் கரையின் தோமா கிறிஸ்தவர்களை அவ்வாட்சிக்கு உட்படுத்தியது. அவர்கள் பொருமிக்கொண்டே இருந்தனர். 1652-இல் அகத்தல்லா என்னும் கீழைச் சபை ஆயர் நம் மயிலாப்பூரில் வந்திறங்கினார். போர்த்துக்கீசியர் அவரைத் தடுத்து வைத்துக் கப்பலேற்றினர். கப்பல் கொச்சிக்கு வந்தபோது, அவரைக் காண விழைந்த மக்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவரைக் கடலில் மூழ்கடித்துவிட்டனர் என்று செய்தி பரவிற்று. அது வெறும் வதந்தி. ஆயினும் மெய்யைவிட வேகமாக வேலை செய்தது.

1653 ஜனவரி 3-ஆம் நாள் மட்டாஞ்சேரிக் கோயிலின் சிலுவை முன் மக்கள் திரண்டனர். எல்லாரும் சிலுவையைத் தொட இயலாமையால், அதில் கயிறுகளைக் கட்டி, அவற்றைப் பற்றியவாறு சபதம் செய்தனராம். கயிறுகள் இழுத்த இழுப்பில் சிலுவை சாய்ந்தது என்பர். கூனன் குரிசு என்ற பெயருக்கு மக்கள் கூறும் காரணம் அதுவே. சபதத்தின் சொற்களைப் பற்றிப் பிற்காலத்தார் இன்றளவும் வாதிடுகின்றனர். பேராயர் கார்சியாவுக்கும் இயேசு சபையாருக்கும் இனிப் பணியோம் என்பதே அதன் கரு. அவ்வாண்டு மே 22-இல் ஆலங்காட்டில் பன்னிரண்டு குருமார் கூடி, அர்ச்சிடயாக்கோன் தோமாவை ஆயராக்கினர். இதனைச் சமயப் பூசல் என்று மட்டும் ஒதுக்குவது பொருந்தாது. மன்னர் முன்மொழிந்த ஆயரை மறுப்பது, அக்காலத்தில், மன்னரையே மறுப்பதாகும்.

இனி மூன்று நூற்றாண்டுகளைத் தாண்டுவோம். 1957 ஏப்ரலில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கேரளத்தின் முதல் அமைச்சரவை அமைந்தது. கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி தாமே கத்தோலிக்கர். கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். அவர் கொணர்ந்த மசோதா, அரசின் மானியம் பெறும் தனியார் பள்ளிகளில், தேர்வாணையம் வகுக்கும் பட்டியலிலிருந்தே ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்றது. ஆயர்கள் எதிர்த்தனர். அவர்தம் சுற்றுமடல்கள் கோயில்களில் வாசிக்கப்பட்டன. மன்னத்து பத்மநாபனின் நாயர் சங்கமும் களம் இறங்கியது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிக்காகப் பீடத்திலிருந்து அரசை எதிர்ப்பது முறையா என்று ஒரு சாரார் வினவினர். அவ்வினா நியாயமானதே. ஆனால் 1958 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அளித்த கருத்துரை, மசோதாவின் சில பகுதிகள் சிறுபான்மையோர் உரிமைக்கு முரணானவை என்றது. ஆயர்களின் முறையீடு முற்றும் வெறுங்கூச்சலன்று என்பதற்கு இது சான்று. 1959 ஜூன் 13-இல் அங்கமாலியில் துப்பாக்கிச் சூட்டில் எழுவர் மாண்டனர். ஜூலை 31-இல் அமைச்சரவை நீக்கப்பட்டது. கம்யூனிஸ்டு எதிர்ப்பில் முன்னின்ற வடக்கன் பாதிரியார் பின்னர்த் தொடங்கிய கட்சி, 1967-இல் அதே நம்பூதிரிபாடின் அமைச்சரவையில் பங்கு கொண்டது தனிக்கதை!

அதே 1959-இல், பஞ்சாபின் சிர்சாத் தொகுதி வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம் ஓர் எல்லை வகுத்தது. நாமதாரி சீக்கியரின் குரு, இன்ன வேட்பாளருக்கே வாக்களிக்குமாறு ஆணையிட்டிருந்தார். சமயத் தலைவரும் குடிமகனே. வேட்பாளரின் தகுதியை எடுத்துரைக்கலாம், வாக்கும் கேட்கலாம். மீறினால் தெய்வக் குற்றம் என்று அஞ்சவைத்து, வாக்காளனுக்கு வேறு வழியில்லாமற் செய்தலே குற்றம் என்றது தீர்ப்பு. தேர்தல் செல்லாதாயிற்று.

வரிச் சலுகையின் நிலை சற்று வேறு. அமெரிக்காவில் 1954-இல், செனட்டர் லிண்டன் ஜான்சன் கொணர்ந்த திருத்தம், வரிவிலக்குப் பெற்ற அறநிலையங்கள் வேட்பாளரை ஆதரிப்பதையோ எதிர்ப்பதையோ தடுத்தது. நம் நாட்டில் 1965-இல், சென்னையிலிருந்த ஆந்திர வர்த்தக சபையின் வழக்கு வந்தது. வணிகத்தைப் பாதிக்கும் சட்டங்களை ஆதரித்தலும் எதிர்த்தலும் அச்சபையின் நோக்கங்களுள் ஒன்றாதலின், அது அறநிலையமாகாது என்றனர் வரித் துறையினர். முதன்மை நோக்கம் அறமாயின், துணையாக வரும் அரசியல் செயல் அதனைக் கெடுக்காது என்றது உச்சநீதிமன்றம்.

1988-ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையானது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதன் வளாகத்தையும் அரசியல் செயலுக்குப் பயன்படுத்தலாகாது. அதன் நிதியைக் கட்சிக்கு அளித்தலும் ஆகாது. 2017 ஜனவரி 2-இல் ஏழு நீதிபதிகள் அமர்ந்த ஆயம், வாக்காளரின் சமயத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதும் தேர்தல் முறைகேடே என்று தீர்ப்பளித்தது. நால்வர் அவ்வாறு கூற, மூவர் உடன்படவில்லை. ஒரு சமூகம் தான் பட்ட குறைகளைத் தேர்தல் மேடையில் பேசுவது குடியாட்சிக்கு உரியதே என்பது அம்மூவர் கருத்து.