காத்திருப்பின் வரலாறு: சினைப்பை நீர்க்கட்டியும் ஸ்கேன் கருவியும்

புனே நகரின் ஸ்கேன் மையங்களில் முதலில் கண்ணில் படுவது, கருவிலுள்ள குழந்தையின் பாலினம் இங்கே தெரிவிக்கப்பட மாட்டாது என்னும் மராத்தி அறிவிப்பு. ஆனால் அதன் கீழே அமர்ந்திருப்போர் அனைவரும் கருவுற்றவர்கள் அல்லர். சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பதாக அறிந்து, மறுபரிசோதனைக்கும் அதன் முடிவுக்கும் காத்திருப்போரும் அவர்களுள் உண்டு. அக்கருவியின் மருத்துவ வரலாற்றில் இவர்களுக்கே முதன்மையான இடம் உண்டு.

1809ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் கென்டக்கியில் ஜேன் டாட் கிராஃபோர்டு என்னும் பெண்ணுக்கு எஃப்ராயிம் மெக்டவல் அறுவை செய்தார். இரட்டைக் கரு என முதலில் கருதப்பட்டது, உண்மையில் சினைப்பைக் கட்டி. மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. அகற்றப்பட்ட கட்டியின் எடை 22 பவுண்டுக்கும் மேல். அப்பெண் அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். எனினும் அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்கு, கட்டியின் தன்மையை உறுதியாக அறிய வயிற்றைத் திறந்தே பார்க்க வேண்டியிருந்தது.

1955இல் கிளாஸ்கோ பேராசிரியர் இயான் டொனால்டு, உலோகத்தின் உள்விரிசலைக் கண்டறியும் ஒலியலைக் கருவியை, அறுவையில் அகற்றிய கட்டிகளின்மீது சோதித்தார். 1958இல் 'லான்செட்' இதழில் அவர் குழுவினரின் கட்டுரை வெளிவந்தது. இரைப்பைப் புற்றுநோய் முற்றியதாகக் கருதப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது, அகற்றக்கூடிய பெரிய சினைப்பை நீர்க்கட்டியே என்பதை ஒலியலை காட்டியது. அறுவையால் அவர் பிழைத்தார்.

இந்தியாவில் இக்கருவி பெண்கருவை அழிக்கத் துணைபோனது. மகாராஷ்டிரம் 1988இலும் நடுவணரசு 1994இலும் சட்டம் இயற்றின. சட்டம் ஏட்டளவில் நின்றபோது, 2000இல் புனேயைச் சேர்ந்த மாசும் அமைப்பு, செஹாத் அமைப்புடனும் சாபு ஜார்ஜுடனும் இணைந்து உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2003இல் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சுவரிலுள்ள அறிவிப்பின் பின்னணி இதுவே. இன்றியமையாத போராட்டம்தான். ஆயினும் ஸ்கேன் என்றாலே கரு என்னும் எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. கருவுறாத பெண்ணின் உடல்நலம் பார்வையிலிருந்து விலகியது.

மாதச் சுழற்சியை ஒட்டி உருவாகும் நீர்க்கட்டிகளுள் பெரும்பாலானவை இரண்டு, மூன்று சுழற்சிகளுக்குள் தாமே கரைந்துவிடும். அதனால்தான் சில வாரங்கள் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுக்கச் சொல்கின்றனர். சிஏ-125 என்னும் இரத்தப் பரிசோதனை அளவு, மாதவிடாய்க் காலத்திலும்கூட உயரக்கூடும். அந்த ஓர் எண் தீர்ப்பாகாது. திடீரெனக் கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் மட்டும் காத்திருக்கலாகாது, சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம்.

ஆக, இந்தக் காத்திருப்பு கைவிடப்பட்ட நிலையன்று. தேவையற்ற அறுவையைத் தவிர்க்க மருத்துவம் அடைந்த அறிவு. ஆனால் அவ்வறிவு மருத்துவரிடம் மட்டும் இருந்தால், காத்திருப்பவருக்கு எஞ்சுவது அச்சமே. ஆங்கில அறிக்கையும் மராத்தி விளக்கமும் பெறும் தமிழ்ப்பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். மருத்துவ வரலாறு பயிலும் மாணவர்கள் கருவிகளின் கதையோடு, காத்திருந்தோரின் வாய்மொழி வரலாற்றையும் தொகுக்க முன்வர வேண்டும்.