பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர மாணவர்களின் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கை

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைய, தமிழர் கணிசமாக வாழ்ந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. கேரளத்தின் பாறசாலைக்கும் தமிழ்நாட்டின் களியக்காவிளைக்கும் இடையே சில கிலோமீட்டரே உள்ளதால் சந்தையும் மணஉறவும் எல்லை கடந்து தொடர்கின்றன. ஆயினும் அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை விதிகளின்படி பாறசாலை மாணவர் தமிழ்நாட்டுக்கு வெளிமாநிலத்தவர் ஆவார்.

கேரளத்தில் பொறியியல் தரவரிசை நுழைவுத்தேர்வையும் ப்ளஸ் டூ மதிப்பெண்ணையும் சேர்த்து அமைகிறது. தமிழ்நாடோ 2007இல் நுழைவுத்தேர்வை நீக்கி, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணை மட்டுமே கொள்கிறது. நுழைவுத்தேர்வில் பின்தங்கிய எல்லையோர மாணவரைத் தெற்கு நோக்கி ஈர்ப்பது இந்த வேறுபாடே. ஆனால் அவரைத் தடுப்பது பெரும்பாலும் மதிப்பெண் அன்று, சான்றிதழே. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவருக்குப் பேச்சுவழக்கில் நேட்டிவிட்டி எனப்படும் பிறப்பிடச் சான்றிதழ் தேவையில்லை; எனினும் அவர் வேறு மாநிலத்தைப் பூர்விகமாகக் கொண்டவராயின், பொதுப் பிரிவில் மட்டுமே கலந்தாய்வுக்குத் தகுதி பெறுகிறார். இரு மாநிலங்களிலும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள இந்து நாடார் வகுப்பு மாணவர்கூட, எல்லையைத் தாண்டியதும் அந்தத் தகுதியை இழந்து, 69 விழுக்காடு இடஒதுக்கீடு போக எஞ்சும் 31 விழுக்காட்டு இடங்களுக்கு எல்லா வகுப்புகளின் முதல்நிலை மாணவர்களோடும் போட்டியிட நேர்கிறது. குறைந்தபட்சத் தகுதி மதிப்பெண்ணும் அவருக்கு 40 விழுக்காட்டிலிருந்து 45ஆக உயர்ந்துவிடுகிறது. இதேபோல, பட்டியல் சாதி, பழங்குடித் தகுதியும் மாநில எல்லையைக் கடந்து செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உறுதிசெய்தது. ஒரே சமூகமும் ஒரே மொழியும் ஒரு கோட்டால் பிரிந்துள்ள இத்தகைய எல்லைப்புறங்களில் இந்த விதி ஏற்படுத்தும் இழப்பு கடுமையானது.

கலை, அறிவியல் பட்டப்படிப்புகளில் வழி சற்று அகலமானது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் இணைந்த நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, 1964இல் தோன்றிய மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி போன்றவை தாமே மாணவர்களைச் சேர்ப்பதால், போட்டி குறைந்த பாடங்களில் நடுத்தர மதிப்பெண்ணுக்கும் இடம் கிடைக்கக்கூடும். இப்பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த ‘மனோன்மணீயம்’ ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர் என்பது, இவ்வட்டாரத்தில் கல்வி ஒருகாலத்தில் எல்லையின்றி இயங்கியதற்குச் சான்றாகும்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் நிலைமை வேறு. 2022 முதல் இளநிலைச் சேர்க்கைக்கு நடைபெறும் பொது நுழைவுத்தேர்வின் மதிப்பெண்ணே அங்கு முதன்மை பெறுவதால் பள்ளி மதிப்பெண்ணின் குறை ஓரளவு ஈடாகிறது. கேரளத்துக்கான மத்தியப் பட்டியலில் தம் சாதி இடம்பெற்றிருந்தால், கேரளத்தில் பெற்ற பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்திலும் செல்லும். குறைந்த மதிப்பெண் பெற்ற எல்லையோர மாணவருக்கு, தொலைவில் இருப்பினும், அருகிலுள்ள மாநில அரசுப் பொறியியல் கல்லூரியைவிட இவ்வழியே நியாயமான வாய்ப்பை அளிக்கிறது.