கனத்த அயனா, ஸ்டீம் அயனா?

தையல்கடைத் துண்டுகளைப் பொருத்திக் கட்டில் விரிப்புத் தைக்கத் தொடங்குகிறவர்கள் மெசினைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். எந்த மெசின், எத்தனையாம் நம்பர் ஊசி, என்ன நூல் என்று கேட்பார்கள். அயன் விஷயத்தில் வீட்டில் கிடக்கிறது போதும் என்ற நினைப்பு. இந்த வேலையில் பாதி தையல் என்றால் மீதிப் பாதி சூடு. ஒவ்வொரு பொருத்தையும் மினுக்கிய பிறகுதான் அடுத்ததுக்குப் போகவேண்டும். கால் அங்குலத் தையல்விளிம்பில் ஒரு நூலளவு மடிப்பு நின்றுவிட்டால், பத்துத் துண்டு சேர்ந்த வரிசை பக்கத்து வரிசையோடு முட்டாது. பிறகு இழுத்துத் தைப்பார்கள். விரிப்பு நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும்.

கடையில் வாங்கக் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று தண்ணீர் ஊற்றாத கனத்த அயன். அடித்தட்டில் துளை இல்லை. மற்றது ஸ்டீம் அயன். தண்ணீர்த் தொட்டியும் அடித்தட்டு நிறையத் துளைகளும் உண்டு. உடுப்பு மினுக்க ஸ்டீம் அயன் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பொருத்துத் துணிக்கும், துணிமேல் வேறு துணியை உருவமாக வெட்டிப் பதிக்கும் அப்ளிக்குக்கும் கணக்கு வேறு.

உடுப்பு மினுக்கும்போது அயனைத் தள்ளுகிறோம். பொருத்துத் துணியில் தள்ளக்கூடாது. வைத்து, அமர்த்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்கவேண்டும். தள்ளினால் சரிவாக வெட்டிய விளிம்பு இழுபட்டு நீளும்; முக்கோணத் துண்டு முக்கோணமாக இராது. ஈரமும் சூடும் சேர்ந்தால் பருத்தி இன்னும் எளிதாக இழுபடும். ஸ்டீம் அயனின் முதல் குறை அது. கனத்த அயனில் பாரமே வேலை செய்யும். கை அழுத்தத் தேவையில்லை, ஆகவே தள்ளவும் தோன்றாது.

1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. அப்போது சிரட்டைக்கரி போட்ட அயனில்தான் மினுக்கினார்கள். அங்கே தென்மராட்சிப் பகுதியில் தென்னைக்குக் குறைவில்லை, சிரட்டைக்கும் குறைவில்லை. அந்தப் பெட்டிகளின் பாரம் துணியைத் தகடுபோல ஆக்கிவிடும். பொறி பறக்கும், சாம்பல் கொட்டும், சூட்டை நினைத்தபடி கூட்டிக் குறைக்க முடியாது என்பதெல்லாம் உண்மை. அதை மறுபடி எடுக்கச் சொல்லவில்லை. பாரம் வேண்டும் என்பதை அந்தத் தலைமுறைக் கைகள் அறிந்திருந்தன. இப்போது லேசான அயன்களை விரும்பி வாங்கும்போது அதை மறந்துவிடுகிறோம்.

எங்கள் ஊருக்கே உரிய காரணம் தண்ணீர். குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணக்கல். வற்றாத ஆறு கிடையாது, கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான் வாழ்க்கை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே கல்தான் ஸ்டீம் அயனின் உள்ளேயும் படிகிறது. கொஞ்ச நாளில் துளைகள் அடைபடும். அதைவிடக் கேடு, படிந்தது பெயர்ந்து கபில நிறத் தண்ணீரோடு துணியில் சொட்டுவது. சட்டையில் விழுந்தால் கழுவலாம். பத்திக் துண்டும் கைத்தறித் துண்டும் வெள்ளைப் பருத்தியும் பக்கம் பக்கமாகத் தைத்த விரிப்பில் விழுந்தால் என்ன செய்வது? கறையோடு சாயமும் இறங்கும். கைத்தறிச் சிவப்பும் பத்திக் கடும்நீலமும் ஆவி பட்டாலே பக்கத்து வெள்ளைக்குள் ஊறக்கூடியவை. வாகன பற்றரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரை வாங்கி ஊற்றினால் கல் படியாது. அதை மாதாமாதம் வாங்கத் தயாரென்றால் இந்தக் குறையைத் தள்ளிவிடலாம்.

அப்ளிக்கில் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். வட்டமான பூவிதழ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பைல் மட்டையில் வட்டம் வெட்டி, அதைவிடக் கால் அங்குலம் பெரிதாகத் துணியை வெட்டி, விளிம்பைச் சுற்றி ஓட்டுத்தையல் போட்டு, மட்டையை நடுவில் வைத்து நூலை இழுத்தால் துணி மட்டையைக் கவ்விக்கொள்ளும். சோற்றுக் கஞ்சியைத் தெளிவாக வடித்து, தூரிகையால் விளிம்பில் மட்டும் தடவி, அயனை வைத்து ஈரம் காயும்வரை அமர்த்த வேண்டும். காய்ந்தபின் நூலைத் தளர்த்தி மட்டையை உருவினால் முனை இல்லாத, சுருக்கம் இல்லாத வட்டம் கையில் இருக்கும். இங்கே தேவை காய்கிற சூடு. ஆவி விட்டால் கஞ்சி இளகும், மட்டை நமுத்து வளையும்.

பசையால் ஒட்டும் அப்ளிக்கிலும் அப்படித்தான். ஒட்டுப்பசை உருக, அயனை அசைக்காமல் சில விநாடி ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டும். துளைக்கு நேர் கீழே உலோகம் படுவதில்லை. அந்த இடங்களில் பசை சரியாகப் பிடிக்காது, கழுவும்போது குமிழ் குமிழாக எழும்பும். வெளியே வழிந்த பசை துளைக்குள் போய்விட்டால் எடுப்பதும் கஷ்டம். துளையில்லாத தட்டென்றால் சூட்டோடு பழைய பருத்தித் துணியில் தேய்த்துத் துடைத்துவிடலாம். அமெரிக்காவிலும் இந்த வேலை செய்கிறவர்களில் துளையில்லாத பழைய அயன்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருப்பது இதனால்தான்.

ஸ்டீம் அயனுக்குச் சாதகமாகவும் சொல்லவேண்டும். நாள்கணக்காக மடித்து வைத்த துணியின் கோட்டை எடுக்கவும், டெனிம் போன்ற தடித்த துண்டுகளின் தையலைப் படியவைக்கவும் அது கெட்டிக்காரன். ஆனால் ஈரப் பருத்தித் துணியொன்றை மேலே விரித்துக் கனத்த அயனை வைத்தால் அந்த ஆவி அங்கேயும் கிடைக்கிறது. வேண்டிய இடத்தில் மட்டும் கிடைக்கிறது.

மின்சாரத்தையும் பாருங்கள். கனத்த அயன் பெரும்பாலும் 1000 வாட். ஸ்டீம் அயன்களில் 2000 வாட்டும் அதற்கு மேலும் உண்டு. 230 வோல்ட்டில் 1000 வாட் என்றால் நாலரை அம்பியருக்குள் அடங்கும், பழைய வீடுகளின் 5 அம்பியர் பிளக் தாங்கும். 2000 வாட் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். அதை அந்தப் பிளக்கில் மாட்டவே கூடாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது, கரண்ட் வந்த நேரத்துக்குள் வேலையை முடிக்க ஓடினோம். கனத்த தட்டு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்; கரண்ட் போனபிறகும் இரண்டு மூன்று பொருத்தை அமர்த்தலாம்.

எந்த அயன் என்றாலும் மேசை மெத்தென்று இருக்கக்கூடாது. உறுதியான மேசையில் பழைய கம்பளியை இரண்டாக மடித்துப் போட்டு, மேலே வெள்ளைப் பருத்தித் துணியை இழுத்துக் கட்டினால் போதும். எழும்பி நிற்கும் அப்ளிக்கை மட்டும் துவாய் ஒன்றின் மேல் முகம் கீழாகப் போட்டு மினுக்குங்கள்.

வீட்டில் ஸ்டீம் அயன் ஏற்கெனவே இருந்தால் எறிய வேண்டாம். தண்ணீர் ஊற்றாமல் பாவியுங்கள், ஒட்டுப்பசை வேலையை மட்டும் அதில் செய்யாதீர்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் முடிவு ஒன்றுதான்: துளையில்லாத கனத்த அயன். கடையில் கையால் தூக்கிப் பார்த்து, பாரமானதையே எடுங்கள்.