பத்தாயிரம் அட்டைகள்

சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்தபின் பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். பாடம் தயாரிப்பதற்கும், ஆண்டு விழா நாடகம் எழுதுவதற்கும் செயற்கை நுண்ணறிவைத் துணைக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். "கேட்டவுடனே பத்து யோசனை சொல்லுது சாமி. ஆனா, நான் யோசிக்கிறதையே விட்டுட்டேனோன்னு பயமா இருக்கு" என்றார். உடனே விடையிறுக்க என்னால் இயலவில்லை. பங்கு இல்லம் திரும்பியபின் என் நினைவுக்கு வந்தவர் இத்தாலியக் குரு ஒருவர். கணிப்பொறி, கணக்குக்கு மட்டுமே உரியது என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில் அதைச் சிந்தனைப் பணிக்கு அழைத்தவர் அவர்.

இயேசு சபையைச் சேர்ந்த ரொபேர்த்தோ பூசா 1913-ஆம் ஆண்டு விச்சென்சா நகரில் பிறந்தார். 1940-இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். புனித தோமா அக்குவினாஸின் நூல்களில் 'உடனிருப்பு' என்னும் கருத்து எவ்வாறு அமைந்துள்ளது என்பதே அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. அப்பொருள் தரும் இலத்தீன் சொற்களைத் தேடிப் பார்த்தார். அவை போதிய வெளிச்சம் தரவில்லை. அக்கருத்து 'இன்' என்ற சின்னஞ்சிறு இடைச்சொல்லோடு பின்னிக் கிடந்தது. 'நெஞ்சில்', 'வீட்டில்' என்று நாம் சொல்லும்போது வருகிற 'இல்' உருபை ஒத்தது அது. அச்சொல் வருகிற வாக்கியங்களைத் தம் கையாலேயே பத்தாயிரம் அட்டைகளில் எழுதினார். 1946-இல் ஆய்வு நிறைவுற்றது.

ஒருவருடைய சிந்தனையை அறிய அவர் ஆளும் மிகச் சிறிய சொல்லையும் விடாது ஆராய வேண்டும் என்பதை அந்த அட்டைகள் அவருக்குக் கற்பித்தன. ஆயின், அக்குவினாஸின் நூல்களையும் அவற்றோடு தொடர்புடையவற்றையும் சேர்த்தால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள்! கை ஓய்ந்துபோகும் வேலை. எனவே 1949-இல் அமெரிக்கா சென்று, ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். இது இயலாத காரியம் என்று வாட்சனிடம் முன்னரே அறிக்கை தரப்பட்டிருந்தது. இயலாததைச் செய்யச் சற்றுக் கூடுதல் நேரமாகும், அவ்வளவுதான் எனப் பெருமை பேசிய அந்நிறுவனத்தின் விளம்பரத் தாளையே பூசா அவர்முன் வைத்தாராம். இதைப் பூசாவே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். வாட்சன் இசைந்தார்.

இயந்திரம் வந்ததால் உழைப்பு குறைந்துவிடவில்லை. வட இத்தாலியின் கல்லராத்தே நகரில், பயிற்சி பெற்ற இளம்பெண்கள் பலர் நூல்களை எழுத்தெழுத்தாகத் துளையட்டைகளில் பதித்தனர். அவர்களுள் பலருடைய பெயர்களை ஆய்வாளர்கள் தேடி எடுத்தது மிக அண்மையில்தான். மேலும், ஒரே எழுத்துகளால் ஆன சொற்களை இயந்திரம் ஒன்றுசேர்க்கும், பொருளை அறியாது. நம் 'படி' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள்: அது வாசலில் ஏறும் படியா, அரிசி அளக்கும் படியா, பிள்ளையைப் 'படி' என்பதா? இத்தகைய ஐயங்களை மனிதர்தாம் அமர்ந்து தீர்த்தனர். 1974 முதல் 1980 வரை 56 பெருந்தொகுதிகள் வெளிவந்தன. 2005-இல் அவை இணையத்திலும் இடம்பெற்றன. 2011-இல் தம் 97-ஆம் வயதில் பூசா மறைந்தார்.

பூசாவின் இயந்திரம் சொற்களை அடுக்கித் தந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது முதல், இயந்திரம் வாக்கியங்களையே நெய்து தருகிறது, கருத்துரைக்கவும் செய்கிறது. சோதனையும் அந்த அளவுக்குப் பெரிது. நானே அதில் விழுந்திருக்கிறேன். ஆலயத்தைப் பல்லாண்டுகள் கூட்டிப் பெருக்கிய மூதாட்டி ஒருவரின் அடக்கத் திருப்பலிக்கு மறையுரை கேட்டேன். பிழையற்ற உரை வந்தது. ஆனால் அதில் அந்தப் பாட்டி இல்லை. அவருடைய துடைப்பமோ, பீடத்தருகே வந்ததும் செருப்பின்றி நிற்கும் அவருடைய வழக்கமோ இல்லை. எப்படி இருக்கும்? அவற்றை அறிந்திருந்த நான் ஒன்றும் சொல்லவில்லையே!

அதை ஒதுக்கிவிட்டு நானே எழுதினேன். எழுதியதைக் காட்டி, "எதை விட்டுவிட்டேன்?" என்று கேட்டேன். "அவருக்குப்பின் அந்த வேலையை யார் செய்வார்?" என்னும் கேள்வி அதிலிருந்து வந்தது. அது எனக்குத் தோன்றியிராத கேள்வி. மறையுரையை அதைக்கொண்டே முடித்தேன்.

பூசா வாட்சனைத் தேடிச் சென்றபோது வெறுங்கையோடு செல்லவில்லை. பத்தாயிரம் அட்டைகள் எழுதி முதிர்ந்த கேள்வி அவரிடம் இருந்தது. வந்த விடையை எடைபோடும் பொறுப்பையும் அவர் இயந்திரத்திடம் விட்டுவிடவில்லை. கேள்வியும் தீர்ப்பும் நம்முடையவையாக இருக்கும்வரை, இடையில் வருகிற துணைக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு அந்த ஆசிரியரிடம், "நாடகத்துக்கு முதல்ல உங்க பத்து அட்டையை நீங்களே எழுதுங்க. அப்புறம் அதைக் கேளுங்க" என்றேன். "பத்தாயிரம் கேட்காம விட்டீங்களே சாமி" என்று சிரித்தார். சென்ற வாரம் அவர் கையில் ஒரு குறிப்பேடு இருந்தது.